கழிவுநீர்க் குட்டைகளும் பறவைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரக் கழிவுநீரில் ஏறக்குறைய பாதி, வெர்ரிபியிலுள்ள மேற்குச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. 1897 முதல் கழிவுநீர் வாங்கும் இடம்; 10,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 1982-ல் சேர்ந்த சதுப்புநிலத்தில் இதுவும் ஒரு பகுதி. சுமார் 300 வகைப் பறவைகளை இங்கே பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களை நல்ல எண்ணத்தோடே கெடுத்துவிடுகிறோமே என்பதுதான் என் கவலை.

பெரிய தவறு, குட்டையைத் தளும்பத் தளும்ப நிரப்பி வைப்பது. வாத்துக்குச் சரி. சைபீரியாவிலிருந்து வரும் செங்கழுத்துக் கொசு உள்ளான் என்ன செய்யும்? சுமார் 30 கிராம் எடை, குட்டைக் கால். நீர் வடிந்து பளபளக்கும் சேற்றோரத்தில், கோழிக்குஞ்சு குருணை பொறுக்கும் வேகத்தில் புழுக்களைக் கொத்தித் தின்னும். நீர் நான்கு விரற்கடை ஏறினாலே இரை எட்டாது. மார்ச், ஏப்ரலில் கிளம்புமுன் அது உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். நம் கோடியக்கரைக்கு வருகிற வளைமூக்கு உள்ளானின் இனமும் அங்கே இதே சேற்றை நம்பித்தான் வருகிறது. எனவே சில குட்டைகளிலாவது மட்டத்தைத் தாழ்த்தி வையுங்கள். ஒரேயடியாக வற்றவிட்டால் சேறு வெடித்துப் புழுக்கள் மடியும். மதகை அடிக்கடி கவனிக்க ஆள் வேண்டும்.

நீர் தெளியத் தெளியப் பறவைக்கும் நல்லது என்று நினைப்பது அடுத்த தவறு. சுத்திகரித்த நீர் போய் விழும் போர்ட் பிலிப் விரிகுடாவில் சேரும் நைட்ரஜனைக் குறைக்க, 2000-களின் தொடக்கத்தில் வெர்ரிபியில் சுத்திகரிப்பை மேம்படுத்தினார்கள். கடலுக்கு அது அவசியம்தான். ஆனால் கரையோரப் புழுக்கள் அந்தச் சத்தில்தான் பெருகின. அதனால் பறவைகளின் இரை குறைகிறதா என்று கண்காணிக்க வேண்டியிருந்தது. சுத்திகரிப்புக்குத் தேவைப்படாத சில பழைய குட்டைகளில் பறவைகளுக்காகவே நீர் விடுகிறார்கள். புது ஆலை வந்ததும் பழைய குட்டையைத் தூர்த்துவிடாதீர்கள்.

கோடையில் செத்து மிதக்கும் வாத்தை அப்படியே விடுவதும் ஆபத்து. போட்டுலிசம் என்ற பாக்டீரியா நஞ்சு நோய் தாக்கிய உடலில் நெளியும் புழுக்களில் நஞ்சு இருக்கும். அவற்றைத் தின்ற வாத்து கழுத்து தொங்கி நீரில் மூழ்கும். அதன் உடலிலும் புழு வைக்கும். கையுறை போட்டு அன்றன்றே அகற்றுங்கள்.

நாய்களை உள்ளே விடாதீர்கள். கரைப் புல்லை மிஷின் வைத்து வெட்டுமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். நெடுங்கால் உள்ளானின் முட்டைகள் தரையிலேயே, பழுப்பில் கரும்புள்ளியோடு, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்.