கேப் டவுனுக்குக் கடிதம் போடுமுன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோவில் மண்டபம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, சுண்டல் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். சங்கத் தலைவர் அண்ணன் எட்டுப் பக்கக் கடிதம் ஒன்றை என் முன்னால் வைத்தார். "தம்பி, ஒரு தடவை படிச்சுப் பாருப்பா. திங்கட்கிழமை அனுப்பணும்."

கேப் டவுனில் இருக்கும் நம் நாடாளுமன்றத்தின் அயலுறவுக் குழு இலங்கைத் தமிழர் நிலையை ஆராய வேண்டும் என்பதுதான் விஷயம். முதல் மூன்று பக்கமும் 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு மதராசிலிருந்து டர்பன் துறைமுகம் வந்து சேர்ந்த கதை. அடுத்த நான்கு பக்கம் இலங்கை வரலாறு. கோரிக்கை எங்கே என்று தேடிக்கொண்டே போனேன். எட்டாம் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, அரை வரி: ஆவன செய்ய வேண்டுகிறோம். கடிதம் என்னவோ ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஓடியது நம் பழைய மனு நடை.

அன்றைக்கு அதைத் திருத்த உட்கார்ந்ததில் தொடங்கி, வேறு சங்கங்களுக்கும் இப்படி நாலைந்து கடிதம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே தவறுகள்தான். எழுதத் தெரியாததால் வருபவை அல்ல. அந்தக் குழு தன் வேலையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது தெரியாததால் வருபவை.

பெரிய தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். டிவியில் ஓடுகிற விஷயத்தைத்தான் குழு எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பது. உண்மையில் குழுவின் பெரும்பாலான நாட்களை நாட்காட்டி முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிறது. நம் அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. சர்வதேச உறவுகள் மற்றும் ஒத்துழைப்புத் துறை, அதாவது எல்லோரும் டிர்கோ என்று சொல்கிற துறை, தன் வருடாந்தரச் செயல்திட்டத்தையும் பட்ஜெட்டையும் குழுவுக்கு முன் வைக்க வேண்டும். செப்டம்பர் முடிவுக்குள் ஆண்டறிக்கை வரும். அக்டோபரில் தலைமைக் கணக்காயரின் ஆட்கள் வந்து கணக்கில் என்ன ஓட்டை என்று சொல்வார்கள். அதையெல்லாம் வைத்து ஒவ்வொரு குழுவும் பட்ஜெட் மறுஆய்வு மற்றும் பரிந்துரை அறிக்கை எழுதியாக வேண்டும். 2009-இல் வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இதற்கு நடுவே சபாநாயகர் அனுப்பிவைக்கும் மசோதாக்கள், ஒப்பந்தங்கள், மனுக்கள் வந்து விழும். மிச்சமிருக்கும் சில நாட்களில்தான் உறுப்பினர்கள் தாங்களாகவே ஒரு விஷயத்தை எடுத்து ஆராய முடியும். அந்த இடுக்குக்குத்தான் ஊரெல்லாம் போட்டி போடுகிறது.

அதனால் அக்டோபர் நடுவில் போய்ச் சேரும் கடிதத்துக்கு, எவ்வளவு அவசரம் என்று எழுதினாலும், இடம் கிடைக்காது. எங்கள் அண்ணன் அனுப்ப இருந்ததும் அக்டோபரில்தான். கடிதம் அனுப்ப மிக நல்ல நேரம் தேர்தல் முடிந்து புதிய நாடாளுமன்றம் அமையும்போதுதான். அப்போது ஐந்து வருடத்துக்கான திட்டம் போடுவார்கள். அடுத்து வருபவர்களுக்கென்று பழைய குழு எழுதி விட்டுப்போன மரபு அறிக்கையையும் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்கு அடுத்தபடியாக நல்ல நேரம் ஒவ்வொரு பருவத்துக்கும் நிகழ்ச்சி நிரல் போடும் சமயம். தலைவர், குழுச் செயலர், ஆய்வாளர், உள்ளடக்க ஆலோசகர் எல்லாரும் சேர்ந்து வரைவு போட, உறுப்பினர்கள் கூட்டத்தில் அதை ஏற்பார்கள். அந்த வரைவுக்கு முன்னால் நம் காகிதம் மேஜையில் இருந்தால்தான் பேச்சே. ஒரு எச்சரிக்கை: நாட்காட்டியை நம்பித் தூங்கிவிடவும் கூடாது. 2025-இல் வாட் வரிச் சண்டையில் பிப்ரவரியில் வரவேண்டிய பட்ஜெட் மே மாதம்தான் ஒருவழியாக இறுதி வடிவில் தாக்கலானது. அந்த வருடம் எல்லாமே தள்ளிப்போயிற்று.

அடுத்தது விலாசம். 'வெளிநாடு' என்று காதில் விழுந்தாலே அயலுறவுக் குழு என்று முடிவு கட்டிவிடுகிறோம். விசா பிரச்சினை உள்துறைக்குப் போக வேண்டியது. இந்தியா தரும் விசா என்றால் அது டர்பனில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தின் பாடு, நம் நாடாளுமன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கா வரி போட்டது, ஏற்றுமதி அடிவாங்கியது என்றால் வர்த்தகத் தொழில் குழு. 2025 ஜனவரியில் காங்கோவில் நம் வீரர்கள் 14 பேர் இறந்தார்களே, அந்தப் படையனுப்பல் பற்றிய கேள்விக்குப் பாதுகாப்புக்கான கூட்டு நிலைக்குழு இருக்கிறது. ஒப்பந்தங்கள்கூட அப்படித்தான். ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை 2018-இல் பரிசீலித்தது வர்த்தகக் குழு. ஒப்பந்தம் எந்தத் துறையைத் தொடுகிறதோ அந்தத் துறையின் குழுவுக்கே போகும். அயலுறவுக் குழு ஒரு துறையைக் கண்காணிக்கும் குழு. டிர்கோ செய்வது, செய்யாமல் விடுவது, செலவழிப்பது, இவைதான் அதன் எல்லை.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கடிதம் தானே திருந்திவிடும். எங்கள் கடிதம் இலங்கை அரசைக் கண்டித்தது, நீதி கேட்டது, இலங்கைத் தூதரை வரவழைத்து விசாரிக்கச் சொன்னது. அரசமைப்பின் 56-ஆவது பிரிவு குழுக்களுக்கு யாரையும் அழைக்கும் அதிகாரம் தருகிறது என்பது சரிதான். ஆனால் இன்னொரு நாட்டுத் தூதருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வாருங்கள் என்று அழைக்கலாம், அதட்டிக் கூட்டிவர முடியாது. குழு கேள்வி கேட்கக்கூடியது நம் அரசிடம். அப்படியானால் நம் அரசு இலங்கை விஷயத்தில் என்ன செய்தது? 2014-இல், பின்னாளில் அதிபரான சிறில் ராமபோசாவை இலங்கைக்கும் தென் சூடானுக்கும் சிறப்புத் தூதராக அன்றைய அதிபர் ஜேக்கப் சூமா நியமித்தார். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த நம் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைய அனுபவத்தை அங்கே பகிர்வதாகப் பேச்சு இருந்தது. சரி, அப்புறம்? அந்தத் தூது இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது, செலவு எவ்வளவு, ஆண்டறிக்கையில் அதைப்பற்றி ஒரு வரியாவது உண்டா? இவை குழு கேட்கக்கூடிய கேள்விகள். எட்டுப் பக்கத்தில் இது ஒன்றுகூட இல்லை.

பணம் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட தூதரகங்களை நடத்தும் துறை இது. நியூயார்க்கில் அலுவலகம் கட்ட நிலம் வாங்குகிறோம் என்று சுமார் 118 மில்லியன் ராண்ட் போன விவகாரம் குழுவில் திரும்பத் திரும்ப வந்தது. சர்வதேச நீதி, ஆப்பிரிக்க ஒற்றுமை என்று பெரிதாகப் பேச வந்தவர்கள் கட்டடக் கணக்கில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று எனக்கும் முதலில் சலிப்பாக இருந்தது. இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். கணக்குக் கேட்பதில்தான் அவர்களுக்கு மறுக்க முடியாத உரிமை இருக்கிறது. கொள்கை பற்றி எதைக் கேட்டாலும் அமைச்சர் வழுக்கிக்கொண்டு போகலாம். பணத்தைப் பற்றிக் கேட்டால் காகிதம் கொடுத்தாக வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆப்பிரிக்க மறுமலர்ச்சி நிதியும் இதே டிர்கோவின் கையில்தான். உங்கள் விஷயத்தை இப்படி ஒரு செலவுத் தலைப்போடு கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

சபை, குழு, அரசு மூன்றையும் ஒரே உருண்டையாகப் பிசைந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. 2023 நவம்பர் 21 அன்று இஸ்ரேல் தூதரகத்தை மூடச் சொல்லி 248-க்கு 91 என்று வாக்களித்தது முழுச் சபை. அடுத்த மாதம் 29-ஆம் தேதி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் காசா விஷயமாக இஸ்ரேல் மீது வழக்குப் போட்டது அரசு. இரண்டுமே குழு உட்கார்ந்து செய்த ஆய்வு அல்ல. "காசாவுக்குச் செய்தார்களே, நமக்கு ஏன் செய்யக் கூடாது?" என்று மண்டபத்தில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கோபம். ஆனால் அந்தக் கேள்வியைக் குழுவிடம் கேட்டால் பதில் வராது, அது வேறு வாசல்.

அதற்காக நாடாளுமன்றத்துக்கு ஒன்றுமே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். அரசமைப்பின் 231-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அரசின் வேலை. ஆனால் வெறும் நிர்வாக, தொழில்நுட்ப வகை ஒப்பந்தங்கள் தவிர மற்றவை நாடாளுமன்றத்தின் இரு அவைகளான தேசிய சபை, மாகாணங்களின் தேசிய மன்றம் இரண்டும் ஒப்பினால்தான் நாட்டைக் கட்டுப்படுத்தும். 2016 அக்டோபரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக அரசு கடிதம் கொடுத்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கொடுத்தது செல்லாது என்று 2017 பிப்ரவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச்சில் அந்தக் கடிதத்தை அரசு திரும்பப் பெற்றது. சேரும்போது சபையைக் கேட்ட நீ பிரியும்போதும் கேள் என்பதுதான் அதன் சாரம். கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டிவிட்டு, பிரிவை ராத்திரியோடு ராத்திரியாக முடிக்கிற மாதிரி அல்லவா இருந்தது!

ஒரே ஒரு கட்சிக்காரரிடம் கடிதத்தைக் கொடுப்பது பற்றி. நம் ஆட்கள் பெரும்பாலும் தெரிந்த உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, அவரே போதும் என்று விட்டுவிடுவார்கள். முன்பு ஆளுங்கட்சி உறுப்பினர் என்றால் அது ஓரளவு ஓடியது. 2024 மே தேர்தலில், அதுவரை தனிப் பெரும்பான்மையோடு ஆண்டுவந்த ஏஎன்சி (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 400-இல் 159 இடத்தோடு நின்றுவிட்டது. இப்போது குழுவில் எந்தக் கட்சியும் தனியாக நினைத்ததை நிறைவேற்ற முடியாது. ஒரு கட்சியின் கையில் மட்டும் போன விஷயம் அந்தக் கட்சியின் ஆயுதமாகிவிடும். மற்றவர்கள் அதைத் தள்ளிவைக்கவே பார்ப்பார்கள். குறைந்தது மூன்று கட்சி உறுப்பினர்களுக்கும் குழுச் செயலருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தோடு அனுப்புங்கள். நாடாளுமன்ற விடுமுறையில் உறுப்பினர்கள் தொகுதி அலுவலகத்துக்கு வருவார்கள். அப்போது நேரில் போவது பத்து மின்னஞ்சலுக்குச் சமம்.

மொழி பற்றியும் ஒரு சச்சரவு வந்தது. அரசமைப்பின் ஆறாம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது, ஆகவே தமிழிலேயே அனுப்புவோம் என்றார் ஒரு பெரியவர். பெயர் இருப்பது உண்மை. மேம்படுத்தி மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருதுவோடு சேர்ந்து இருக்கிறது. அலுவல் மொழியாக அல்ல. பெருமைக்கு ஒரு பிரதி தமிழில் இணைக்கலாம் தாத்தா, வேலைக்கு ஆங்கிலமே இருக்கட்டும் என்று சமாதானம் சொன்னோம். அவர் முழு மனசோடு ஒப்பவில்லை.

அப்புறம், முன்பு என்ன நடந்தது என்று பார்க்காமல் எழுதுவது. குழுக் கூட்டங்கள் பொதுவாகத் திறந்தவை, பல யூடியூபிலேயே கிடைக்கின்றன. பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் என்ற அமைப்பு 1995 முதல் கூட்டக் குறிப்புகளைத் தொகுத்து வருகிறது. அரை மணி நேரம் தேடினால் எந்த உறுப்பினர் எதில் அக்கறை காட்டுகிறார், உங்கள் விஷயம் ஏற்கெனவே எழுந்து அடங்கியதா என்பது தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் போனால், போன வருடம் பதில் சொன்ன கேள்வியையே திரும்பக் கேட்டு நிற்போம்.

குழுதான் ஒரே வழி என்று நினைப்பதையும் விட்டுவிடலாம். ஒரு உறுப்பினர் அமைச்சருக்கு எழுத்து மூலம் கேள்வி போட்டால் பத்து வேலை நாளில் பதில் வர வேண்டும் என்பது விதி. சின்ன விஷயத்துக்கு அது போதும். அந்தப் பதில் மொட்டையாக வந்தால் அதுவே குழுவின் கதவைத் தட்ட நல்ல காரணம்.

எங்கள் எட்டுப் பக்கம் அன்று இரவு பதினொன்றரைக்குள் ஒன்றரைப் பக்கமாயிற்று. மேலே கோரிக்கை, கீழே மூன்று கேள்வி, 2014 நியமனம், ஆண்டறிக்கை பற்றி ஒரு பத்தி. தேதி ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. இலங்கை வரலாற்றை எடுத்தபோது அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ட்ரூரோ கப்பலில் கை வைத்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "அதுல என் பாட்டனோட அப்பா வந்தாருப்பா." சரி, ஒரு வரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.