சாவியை அணைத்துப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்காதீர்கள்

செங்கோட்டை தாண்டிப் புளியரை போகும் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தால், கேரளப் பதிவெண் கொண்ட பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்குப் பஞ்சமே இருக்காது. அங்கே வாங்கி இங்கே ஓட்டுகிறவர்கள் அதிகம். தொழில் பழக வரும் பையன்கள் அவற்றில் செய்கிற தவறுகளெல்லாம் நாங்கள் பழகிய காலத்தில் செய்தவைதான். ஜாக்கைத் தப்பான இடத்தில் வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒருநாள் திட்டு வாங்கினால் தானாகப் போய்விடும்.

'வண்டி இழுக்கவில்லை' என்றதும் கியர்பாக்ஸ் பெட்டியை இறக்குவது

இதற்கு மட்டும் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஐ10 ஒன்று வந்தது. வேறொரு ஊரில் 'கிளட்ச் பிளேட் எரிந்துவிட்டது, முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டும்' என்று சொல்லி அட்வான்ஸும் வாங்கியிருந்தார்கள். எங்கள் பையன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "அண்ணாச்சி, பிளேட்டு போயிட்டு. இறக்கிருவோம்" என்றான்.

"ஆர்.பி.எம். ஏறுச்சா, வேகம் ஏறுச்சா?"

அவன் மீட்டரையே பார்க்கவில்லை.

பிளேட் வழுக்கினால், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் விர்ரென்று மேலே போகும், வேகம் அப்படியே நிற்கும். இந்த வண்டியில் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின, மெதுவாக. கியர் லீவரை 2, எல் என்ற குறைந்த கியர் நிலைகளுக்குத் தள்ளினாலும் எந்த மாற்றமும் இல்லை. ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருந்தது. அப்படியென்றால் பெட்டி மூன்றாம் கியரில் பூட்டிக்கொண்டிருக்கிறது. சென்சாரிலோ வயரிலோ கோளாறு என்று தெரிந்தால், பெட்டியைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே இப்படிப் பூட்டிவிடும். மூன்றாம் கியரில் கிளம்பினால் எந்த வண்டிதான் இழுக்கும்?

இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். முதல் கியர், இரண்டாம் கியர் என ஒழுங்காக மாறியது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு வெட்டு வெட்டி மறுபடி மூன்றில் நின்றது. எரிந்த பிளேட்டுக்குச் சாவி அணைத்ததும் தெரியாது, போட்டதும் தெரியாது. அணைத்துப் போட்டதும் சரியாகி, பிறகு மறுபடி பூட்டினால் முதலில் கரண்ட் பக்கம்தான் தேட வேண்டும்.

ஸ்கேனரில், பெட்டியிலிருந்து வெளியே வரும் சுற்றின் வேகத்தை அளக்கும் அவுட்புட் ஸ்பீடு சென்சாரில் கோளாறு என்று கோடு (பிழை எண்) வந்தது. அதன் சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பின் கம்பியில் பச்சைக் களிம்பு. சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், சீட் நகரும் தண்டவாளத்திலும் துரு. தண்ணீரில் நின்ற வண்டி. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு இப்படிப்பட்டவை மலை தாண்டி வரத்தான் செய்கின்றன. சென்சார் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. சாக்கெட்டைச் சுத்தம் செய்து சென்சாரை மாற்றியதோடு வேலை முடிந்தது. பெட்டியில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. அந்த அட்வான்ஸ் திரும்பக் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் எரிச்சல்தான்.

ஒன்று கவனியுங்கள். மலிவான ஸ்கேனர்கள் பல இன்ஜின் கோடுகளை மட்டுமே காட்டும். அதில் 'கோடு இல்லை' என்று வந்ததை வைத்துப் பெட்டிக்குள்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரைத் தனியாகப் படிக்கத் தெரிந்த கருவி வேண்டும். அதற்கும் முன்னால் பேட்டரி வோல்ட்டும் எர்த் வயரும். பேட்டரி இறங்கினாலே பெட்டி பைத்தியக்காரத்தனம் பண்ணும்.

கியர்பாக்ஸ் ஆயில் அளவைக் கண்டபடி பார்ப்பது

வண்டி சூடான பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியைப் பார்ப்பது, அது இருக்கும் பெரும்பாலான வண்டிகளுக்கான முறை. பழைய ஹோண்டாவில் அப்படி இல்லை. இன்ஜினை அணைத்து ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஆறிய வண்டியில் பார்த்துவிட்டு 'குறைகிறது' என்று ஊற்றினால் அளவு மீறும். மீறினால் ஆயில் நுரைக்கும், காற்றுக் கலந்த ஆயிலில் பிரஷர் நிற்காது. ஆயில் குறைந்தால் வருகிற அதே வழுக்கல், இப்போது கூடியதால் வரும்.

ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீரோ கூலன்டோ கலந்திருக்கிறது. ரேடியேட்டரைப் பாருங்கள். அந்த வண்டியில் மட்டும் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும்.

சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதான் என்பது

இல்லை. அந்த ஐ10-க்கு எஸ்.பி. 3 என்ற வகை ஆயில், ஹோண்டாவுக்கு ஹோண்டாவினுடையது.

பிளக் கோளாறைக் கன்வெர்ட்டர் தலையில் கட்டுவது

ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி உதறுகிறது என்பார்கள். உடனே 'டார்க் கன்வெர்ட்டர்' என்று ஒரு பெரிய பெயர் வந்துவிடும். இன்ஜினின் சுற்றை ஆயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் பாகம் அது; ஓடும்போது இரண்டையும் நேராகப் பூட்டிக்கொள்வதுதான் லாக்-அப். கன்வெர்ட்டர் லாக்-அப் உதறல் பெரும்பாலும் சமதளத்தில், 60, 70 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போதுதான் வரும். ஏற்றத்தில் மெதுவாக, முழுப் பளுவோடு ஏறும்போது உதறினால் ஸ்பார்க் பிளக்கையும் அதற்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயிலையும் முதலில் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? சமதளத்தில் உதறும்போது, பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிரேக் லைட் எரியுமளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் வேலை செய்தால் லாக்-அப் விடும். உதறல் நின்றால் கன்வெர்ட்டர் பக்கம், நிற்காவிட்டால் இன்ஜின் பக்கம்.

நீண்ட ஸ்டால் டெஸ்ட்

பிரேக்கை முழுதாக மிதித்து, கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரையும் முழுதாக அழுத்திப் பார்க்கிற சோதனை இது. ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். பழைய வண்டியில் நான் செய்யவே விடுவதில்லை.

ஏ.எம்.டி. வண்டிக்கு இதையெல்லாம் செய்வது

ஏ.எம்.டி. என்பது கையால் போடும் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் மட்டும் கருவி செய்கிறது. அதில் டிப்ஸ்டிக் தேடி நேரம் கழிக்காதீர்கள்.