ஒரு கைப்பேசியில் வகுப்பே சேர்ந்து எடுக்கும் ஸ்டாப் மோஷன் படம்

ஒரு பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படமெடுத்து வரிசையாக ஓட்டினால் அது தானே அசைவதுபோலத் தெரியும்; இதுதான் ஸ்டாப் மோஷன். முதலில் ஆசிரியர் தனியாக ஐந்து வினாடிப் படம் எடுத்துப் பழக வேண்டும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ செயலியில் வேகத்தை நொடிக்கு 10 படம் என வையுங்கள். மொத்தம் 50 படங்கள். கைப்பேசியை ஸ்டாண்டில் அசையாமல் பொருத்தி, ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து கைபட்டால் கோணமே மாறிவிடும்.

அதிகம் கெடுப்பது வெளிச்சம்தான். ஜன்னல் வெயில் மாறினாலும் பிள்ளைகளின் நிழல் விழுந்தாலும் படம் மினுங்கும். ஜன்னலை மூடி, ஒரே விளக்கில் எடுங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ் (தெளிவு) இரண்டும் தானாக மாறாதபடி செயலியில் பூட்டிவிடுங்கள்.

களிமண் உருவத்தை ஒவ்வொரு படத்துக்கும் அரை சென்டிமீட்டருக்குள் நகர்த்தினால் போதும், கூடினால் துள்ளும். முந்தைய படம் மங்கலாகத் தெரியும் வசதியை இயக்கினால் அளவு பிடிபடும்.

நால்வர் ஒரு குழு. கதையை நீங்கள் சொல்லாதீர்கள்! “பேச்சே கூடாது, பொருள் இரண்டுதான்” என்ற கட்டுப்பாட்டை மட்டும் கொடுத்து, ஆறு கட்டங்களில் வரையச் சொல்லுங்கள். வரைந்த பிறகே கைப்பேசி.