மியூனிக்கில் மூன்று வேளையும் உள்ளூர்ச் சாப்பாடு: குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

மியூனிக் ஊர்ச் சாப்பாடு கடிகாரம் பார்த்து நடக்கும். காலை 11 மணிக்குச் சுடச்சுடக் கிடைத்த பண்டம் மதியம் 1 மணிக்கு இருக்காது. இரண்டரை மணிக்குப் பசி எடுத்தால், சின்ன உணவகங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். சனிக்கிழமை இரவு 8 மணிக்குமேல் பால் பாக்கெட் வாங்கக்கூட ரயில் நிலையத்துக்குத்தான் ஓட வேண்டும். எந்த நேரத்துக்கு எந்த மேசையில் உட்கார வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கீழே உள்ள திட்டம் இரண்டு பெரியவர்கள், பத்து வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகள் என்ற கணக்கில், மே முதல் செப்டம்பர் வரை ஏதாவது ஒரு வேலைநாளுக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று சந்தையும் இல்லை, சூப்பர் மார்க்கெட்டும் இல்லை.

படி 1: எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதை ஓட்டலிலேயே செய்துவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு யோசித்தால் குழந்தைகள் ரொட்டியைத் தின்று வயிற்றை நிரப்பிவிடுவார்கள்.

மெனுவில் காதும் கண்ணும் பழக வேண்டிய சொற்கள் சில உண்டு. ஷ்வைன் என்றால் பன்றி. ரிண்ட் மாடு, கால்ப் கன்று. பூட்டெ வான்கோழி. ஹெண்டல் என்பது மியூனிக் இருக்கும் ஜெர்மன் மாநிலமான பவேரியாவில் கோழி. ஷ்பெக் என்பது உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, ஷிங்கன் பன்றித் தொடை. ஷ்மால்ட்ஸ் பெரும்பாலும் பன்றி நெய். ப்ரூயே என்பது எலும்பும் இறைச்சியும் போட்டுக் கொதிக்கவைத்த சாறு.

சைவக்காரர்கள் ஏமாறுவது ஷ்பெக், ஷ்மால்ட்ஸ், ப்ரூயே மூன்றில்தான். பவேரிய உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸ் இருக்காது. சூடான கிழங்கின்மேல் ப்ரூயேயை ஊற்றிக் கிளறியிருப்பார்கள். புளிக்கவைத்த முட்டைக்கோஸிலும் சிவப்பு முட்டைக்கோஸிலும் ஷ்பெக் அல்லது பன்றி நெய் இருக்க வாய்ப்பு அதிகம். வறுத்த உருளைக்கிழங்கிலும் அதே கதை. அப்பத்தை நூல் நூலாக நறுக்கிப் போட்டுத் தரும் சூப், மாட்டிறைச்சிச் சாறு. “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் ஷ்பெக் துண்டுகளோடு தட்டு வந்து நிற்கும். அதனால் “வெகெட்டாரிஷ், ஓனெ ஷ்பெக், ஓனெ ப்ரூயே” என்று பிரித்துச் சொல்லுங்கள். “ஓனெ” என்றால் “இல்லாமல்”.

மெனுவில் ஒவ்வொரு பண்டத்தின் ஓரத்திலும் குட்டி எழுத்துகளும் எண்களும் இருக்கும். எழுத்துகள் ஒவ்வாமை தரும் 14 பொருள்களுக்கு, எண்கள் நிறமி, பதப்படுத்தி போன்றவற்றுக்கு. எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும், கடைசிப் பக்கத்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். வேர்க்கடலை, பால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் பன்றியும் மாடும் அந்த 14-இல் கிடையாது. எழுத்து ஒன்றும் இல்லையே என்று நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள், வாயைத் திறந்து கேளுங்கள்.

படி 2: காலை, பேக்கரி

காலை 8 மணிவாக்கில் ஏதாவது ஒரு பேக்கரிக்குப் போய் வெண்ணெய் தடவிய பிரெட்சல், அதாவது முடிச்சுபோலப் பின்னிச் சுட்ட ரொட்டி, வாங்குங்கள். தலைக்கு ஒன்று போதும். பழுப்பு நிறம், பளபளப்பு, அந்த லேசான கார வாசனை எல்லாம் சுடுவதற்கு முன் காரக் கரைசலில் (மிளகாய்க் காரம் அல்ல, அல்கலி) முக்கி எடுப்பதால் வருகிறது. மேலே ஒட்டியிருக்கும் கல்லுப்பு குழந்தைகளுக்கு அதிகம், கட்டைவிரலால் தட்டிவிட்டுக் கொடுங்கள். சில பேக்கரிகள் மாவில் பன்றி நெய் சேர்ப்பதுண்டு, வாங்கும் முன் “ஓனெ ஷ்மால்ட்ஸ்?” என்று கேட்டுவிடலாம்.

மதியத்துக்கும் சேர்த்து இப்போதே வாங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பது வீண். உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும், தோல் தோற்செருப்புபோல ஆகிவிடும். வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் வாங்கி, காகிதப் பையிலேயே வைத்திருங்கள்.

படி 3: அசைவக்காரர்களுக்கு 12 மணிக்கு முன் வைஸ்வூர்ஸ்ட்

மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் நேராகப் படி 4-க்குப் போகலாம். வைஸ்வூர்ஸ்ட் கன்று இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்த வெள்ளைத் தொத்திறைச்சி. எலுமிச்சைத் தோல், பார்ஸ்லி, ஜாதிபத்திரி, சில கைப்பக்குவங்களில் ஏலமும் இஞ்சியும். நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. இறைச்சியைச் சிவக்கவைக்கும் உப்பு சேர்க்காததால்தான் வெள்ளை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத நாளில் விடியற்காலையில் செய்ததை மதிய மணி அடிப்பதற்குள் தின்று தீர்த்தார்கள். இன்று கெட்டுப்போகும் பயம் இல்லை, பழக்கம் மட்டும் நிற்கிறது. பல கடைகளில் பன்னிரண்டுக்குமேல் கேட்டால் “தீர்ந்துவிட்டது” என்பார்கள்.

பெரியவர்களுக்குத் தலைக்கு இரண்டு, குழந்தைகளுக்கு ஒன்று. வெந்நீர் நிரம்பிய பீங்கான் சட்டியில் மிதந்து வரும். ஒவ்வொன்றாக எடுங்கள், மற்றவை சூடாக இருக்கட்டும். தோலைச் சாப்பிடக் கூடாது. நீளவாக்கில் பாதி ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு, முள்கரண்டியால் உள்ளிருப்பதை உருட்டினால் தோல் தட்டோடு நிற்கும். தொட்டுக்கொள்ள இனிப்புக் கடுகு விழுது, கூடவே பிரெட்சல். குழந்தை கெட்சப் கேட்டால் கொடுத்துவிடுங்கள், பக்கத்து மேசைக்காரர் கொஞ்சம் முறைப்பார், அவ்வளவுதான்.

வாடகை அறையில் சமையலறை இருந்து நீங்களே சூடாக்குவதானால், தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகு தொத்திறைச்சியைப் போட்டு 10 நிமிடம் மூடி வையுங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் தோல் வெடித்துக் கொழுப்பெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும்.

படி 4: சந்தையில் மதியச் சாப்பாட்டை வாங்குங்கள்

மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் விக்டுவாலியன்மார்க்ட் சந்தை. 1807-இல் தொடங்கியது. காலை பத்தரைக்கு இங்கே வந்துவிட்டால் நிதானமாக வாங்கலாம். நான்கு பேருக்கு இந்த அளவு சரியாக வரும்:

பிரெட்சல் 4
ஒபாட்ஸ்டா 200 கிராம்
மலைப்பகுதிப் பாலாடைக்கட்டி 200 கிராம், துண்டு போட்டது
நீள வெள்ளை முள்ளங்கி 1
சிவப்புக் குட்டி முள்ளங்கி ஒரு கட்டு
வெள்ளரி 1, தக்காளி 4
பருவத்துப் பழம் அரைக் கிலோ. ஜூனில் ஸ்ட்ராபெரி, ஜூலையில் செர்ரி

ஒபாட்ஸ்டா என்பது நன்கு பழுத்த கமம்பேர் பாலாடைக்கட்டியை வெண்ணெய், மிளகாய்ப் பொடி மாதிரிச் சிவந்த ஆனால் காரமில்லாத பப்ரிகா பொடி, வெங்காயம், சீமைச் சோம்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்த விழுது. சில இடங்களில் ஒரு சொட்டு பீரும் விடுவார்கள், குழந்தைகளுக்கு என்றால் கேட்டு வாங்குங்கள். வெங்காயம் நேரம் ஆக ஆகக் கசக்கும். மீந்ததை மறுநாளைக்கு என்று கட்டி வைக்காதீர்கள்.

சந்தையில் புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, காய் பழத்தைக் கையால் எடுத்து அழுத்திப் பார்ப்பது. கடைக்காரர் எடுத்துத் தருவார், நீங்கள் சுட்டிக்காட்டினால் போதும். இரண்டாவது, பணப்பையைக் காலி செய்யும் தவறு: பாலாடைக்கட்டிக் கடையில் அட்டையில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கானது. கிலோ விலை என்று நினைத்துக் கை காட்டினால் பில்லைப் பார்க்கும்போது முகம் மாறும். “ட்ஸ்வைஹுண்டர்ட் கிராம், பிட்டெ” என்று 200 கிராமை எண்ணிலேயே சொல்லுங்கள்.

படி 5: பீர் கார்டன், சொந்தச் சாப்பாட்டோடு

பெயரைப் பார்த்து “குழந்தைகளோடு எப்படி?” என்று தயங்கிவிடுகிறார்கள். மியூனிக்கில் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான, மலிவான மேசை கிடையாது. மரநிழல், சரளைத் தரை, கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பல இடங்களில் பக்கத்திலேயே விளையாட்டுத் திடல்.

சொந்தச் சாப்பாடு கொண்டுபோகும் உரிமைக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. கோடையில் பீர் கெடாமல் இருக்க ஆலைக்காரர்கள் நிலவறைகளில் வைத்தார்கள், மேலே நிழலுக்குச் செஸ்ட்நட் மரம் நட்டார்கள், அங்கேயே விற்கவும் தொடங்கினார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எங்கள் பிழைப்பு போச்சு என்று முறையிட, 1812-இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியான் சமரசம் செய்தார்: பீர் விற்கலாம், ரொட்டி தவிரச் சாப்பாடு விற்கக் கூடாது. ஜனங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டுத் தடை போய்விட்டது, கட்டிக்கொண்டு வரும் வழக்கம் நிலைத்துவிட்டது. 1999-இல் வந்த பவேரிய பீர் கார்டன் விதியும் இந்த வழக்கத்தைப் பீர் கார்டனின் அடையாளமாகவே வைத்திருக்கிறது. அதனால் காலையில் அறையில் கிளறிய புளியோதரையை இங்கே பிரித்து வைத்தாலும் யாரும் கேட்க முடியாது.

நடைமுறை இதுதான். மேசைவிரிப்பு போட்ட மேசையில் உட்காரக் கூடாது, அது பரிமாறும் பகுதி, அங்கே வெளிச்சாப்பாடு கிடையாது. வெறும் மர மேசையைத் தேடுங்கள். பாதி நிரம்பிய மேசையானால் “இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?” (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டு உட்காரலாம். ஒருவர் குழந்தைகளோடு இடம் பிடிக்க, மற்றவர் கவுண்டருக்குப் போய்க் குடிக்க வாங்கி வர வேண்டும். சாப்பாடுதான் சொந்தம், பானம் அங்கேதான் வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு ஆப்ஃபெல்ஷோர்லே, அதாவது சோடா கலந்த ஆப்பிள் சாறு. ஷ்பெட்ஸி கோலாவும் ஆரஞ்சும் கலந்தது, காஃபின் இருக்கிறது. ராட்லர் பார்வைக்கு எலுமிச்சை சோடாபோல இருக்கும். அது பாதி பீர். பெரியவர்கள் “மாஸ்” என்று கேட்டால் ஒரு லிட்டர் குவளை வரும், பழக்கமில்லாதவர்கள் இருவருக்கு ஒன்று வாங்கலாம். சில இடங்களில் குவளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்கள். அதைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள்.

இப்போது முள்ளங்கி. தோல் சீவி, அறுபடாமல் வில்போலச் சுருளும்படி மெல்லிசாகச் சீவுங்கள். கத்தி சரியில்லை என்றால் தாள் தாளாக நறுக்கினாலும் போதும். இடுக்குகளில் உப்புத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். தட்டில் நீர் கோத்து நிற்கும், காரமும் நெடியும் பாதியாகக் குறைந்திருக்கும். அந்த நீரை வடித்துவிட்டு ஒரு துண்டோடு பிரெட்சலும் ஒபாட்ஸ்டாவும். உப்புப் போட்ட கையோடு சாப்பிட்டால் குழந்தை ஒரு கடியோடு நிறுத்திவிடும்.

எந்த இடம்? சந்தைக்கு நடுவிலேயே ஒரு பீர் கார்டன் இருக்கிறது, வாங்கியதும் உட்காரலாம், ஆனால் குழந்தைகள் ஓட இடமில்லை. எஸ்-பான் ரயிலில் ஹிர்ஷ்கார்டன் நிறுத்தம் போனால் 8,000 பேர் உட்காரும் தோட்டம், ஓரத்தில் வேலிக்குள் மான்கள். எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆங்கிலத் தோட்டம் எனப்படும் பெரிய பூங்காவில் உள்ள சீனக் கோபுரத்தடியில் கூட்டம் அதிகம். பக்கத்தில் பழைய மரக்குதிரை ராட்டினம் இருப்பதால் சின்னக் குழந்தைகளுக்கு அது. மழை பெய்தால் எல்லாமே மூடிவிடும், காலையில் வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மாலை ஐந்தரைக்கு விர்ட்ஸ்ஹவுஸ் (ஊர்ப் பாணி உணவகம்)

இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடியுங்கள். ஏழு மணிக்குப் போனால் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது சிரமம். ஐந்தரைக்குக் குழந்தை நாற்காலியும் சும்மா இருக்கும், பரிமாறுகிறவருக்கும் பொறுமை இருக்கும். “ஷ்டாம்டிஷ்” என்று பலகை வைத்த மேசை வாடிக்கைக் குழுவினருக்கு உரியது, காலியாக இருந்தாலும் உட்கார வேண்டாம். மேசையில் கூடை நிறையப் பிரெட்சல் இருந்தால் அது இலவசம் அல்ல, எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணிப் பில் போடுவார்கள்.

நான்கு பேருக்கு இரண்டு பிரதான உணவும் ஒரு சாலட்டும் போதும். சைவத்துக்குக் கேஸஷ்பெட்ஸ்லே: முட்டை மாவில் செய்த குட்டி நூடுல்ஸ், உருகிய பாலாடைக்கட்டி, மேலே பொரித்த வெங்காயம். அல்லது காளான் குழம்போடு ரொட்டி உருண்டை, இதில் மட்டும் ஷ்பெக் இல்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசைவத்துக்கு அரை ஹெண்டல் குழந்தைகளுக்குப் பிடிக்கும். “வீனர் ஷ்னிட்செல்” என்றிருந்தால் கன்று. “வீனர் ஆர்ட்” என்றிருந்தால் பெரும்பாலும் பன்றி. குழந்தைகளுக்குத் தனி ஆர்டர் வேண்டாம் என்றால் “ராய்பர்டெல்லர்” கேளுங்கள். காலித் தட்டும் கரண்டியும் வரும், அப்பா அம்மா தட்டிலிருந்து கொள்ளையடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிப்புக்குக் கைசர்ஷ்மார்ன், பிய்த்துப் போட்ட கனமான அப்பம், ஆப்பிள் அல்லது பிளம் கூழோடு. ஒரு தட்டு நான்கு பேருக்குக் காணும். செய்ய 20 நிமிடமாவது ஆகும் என்பதால் பிரதான உணவு வரும்போதே சொல்லிவிடுங்கள். இதில் போடும் உலர்திராட்சையை ரம்மில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு, குழந்தைகளுக்கு “ஓனெ ரோசீனன்”.

படி 7: பணம்

ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள், எல்லாக் கடையும் கார்டு வாங்காது. பில் மேசைக்கு வரும், அங்கேயே தீர்க்க வேண்டும். அன்பளிப்பு 5 முதல் 10 சதவீதம். மேசையில் சில்லறை வைத்துவிட்டுப் போவது வழக்கமில்லை. கொடுக்கும்போதே மொத்தத்தைச் சொல்ல வேண்டும். பில் 46.80 யூரோ என்றால் “ஃப்யுன்ஃப்ட்ஸிக்” என்று ஐம்பதைச் சொல்லுங்கள். கார்டு என்றால் அவர் இயந்திரத்தில் தொகையை அடிப்பதற்கு முன் சொல்ல வேண்டும். 100 யூரோ நோட்டை நீட்டிக்கொண்டே “டாங்கெ” (நன்றி) என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

பகலில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை எறியாதீர்கள். பெரும்பாலானவற்றில் உங்கள் 25 சென்ட் முன்பணம் இருக்கிறது. நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் காசாக்கலாம். இரவு 8 மணிக்குள்.