நாய்க்கு இதயப்புழு: மாத மாத்திரையை விட்டுவிடாதீர்கள்

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் டெல்டாவில் நெல்லோடு கொசுவும் சேர்ந்தே விளையும். நாய்களுக்கு இதயப்புழுவைக் கொண்டுவருவது கொசுதான். நாயிடமிருந்து நாய்க்கு இது நேராகத் தொற்றாது. நோயுள்ள நாயைக் கடித்த கொசுவின் உடலில் புழுக்குஞ்சு இரண்டு வாரம் போல வளர்ந்து, அடுத்த கடியில் இறங்குகிறது.

அது முழுப்புழுவாக ஆறேழு மாதம் ஆகும். பெண்புழு ஓர் அடி நீளம்கூட வளரும், அதுவும் இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும்! இருமல், சீக்கிரம் களைப்பது எல்லாம் அப்புறம்தான் தெரியவரும்.

மாதாமாதம் கொடுக்கும் தடுப்பு மாத்திரை இனி வரப்போகும் கடிக்கானது அல்ல. போன மாதம் ஏறிய குஞ்சுகளைக் கொல்வது. அதனால் அடைமழை விட்டதும் நிறுத்திவிடக் கூடாது. நம் ஊரில் கொசு இல்லாத மாதம் எது, சொல்லுங்கள்? தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை அவசியம். ஏற்கெனவே புழு இருந்தால் வைத்தியமே வேறு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிப் பக்கம் இருப்பவர்கள் அங்கேயே கேட்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மாட்டுக்குப் போட்டு மிச்சமான ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி ஊசி மருந்தை நாய்க்குக் கொடுப்பது. இதே மருந்தில் நாய்க்கான தடுப்பு அளவு உடல் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். மாட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். கோலி (Collie) இன நாய்க்கு அந்த அளவு போனால் உயிருக்கே ஆபத்து.

பூனைக்கும் இந்தப் புழு வரும். அதற்கு மாத்திரை வேறு, மருத்துவரிடமே கேளுங்கள்.