வீட்டில் டிரே வைத்துப் பல் ஒயிட்டனிங்: கூச்சமும் ஈறு எரிச்சலும் படுத்தாமல் இருக்க

பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்த டிரே (பல் வரிசை மேல் உறைபோல மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் அச்சு), பல்லை வெளுக்கும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல், இரவு நேரம். நான் செய்துகொண்டது இப்படித்தான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் இதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

படி 1: முதலில் க்ளீனிங்

டீ, வெற்றிலை, சிகரெட் கறையெல்லாம் பெரும்பாலும் பல்லின் மேலேதான் படிந்திருக்கும். ஸ்கேலிங் செய்தாலே சிலருக்குப் போதும். அப்போதே சொத்தை, ஈறு வீக்கம், விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். சொத்தை வழியாக ஜெல் உள்ளே போனால் வலி உயிரை எடுக்கும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் ஜெல்லைத் தொட வேண்டாம். எப்போதோ அடிபட்டு அதன் நரம்பு செத்திருக்கலாம்.

கேப்பும் ஃபில்லிங்கும் வெளுக்காது. முன்பல்லில் அடைத்திருந்தால், ஒயிட்டனிங் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் புது நிறத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் அடைத்தால், பல்லில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் காரணமாக ஃபில்லிங் சரியாக ஒட்டாது.

படி 2: ஜெல்

10 சதவீத கார்பமைடு பெராக்சைடு என்றால் ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்த இரவு டிரே முறையை ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 1989இல் எழுதினார்கள். அன்றைக்கும் இதே 10 சதவீதம்தான். 35 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் வெளுக்கும், உண்மைதான். ஆனால் சில வாரங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடும், கூச்சம்தான் கூடுதலாக மிஞ்சும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 சதவீதத்தைத் தாண்டினாலே பல் மருத்துவர் வழியாகத்தான் கிடைக்கும்; 6 சதவீதத்துக்கு மேல் விற்கவே கூடாது. சதவீதமே போடாத ஆன்லைன் கிட்டை நான் தொட மாட்டேன். கூடவே தரும் நீல எல்இடி விளக்குக்குத் தனியாகக் காசு கொடுப்பதும் வீண்.

படி 3: டிரேயில் ஜெல் வைப்பது

என்னைப் படுத்திய படி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். விளம்பரப் படங்களில் டிரே முழுக்கப் பட்டையாக ஜெல் போட்டிருப்பார்கள். அவ்வளவு வேண்டாம். சிரித்தால் தெரியும் பற்களுக்கு மட்டும், டிரேயின் வெளிப்பக்கச் சுவரில், பல்லின் நடுப்பகுதிக்கு நேராக, பல்லுக்கு ஓர் அரிசி அளவு. கடைவாய்ப் பற்களை விட்டுவிடுங்கள்.

பல் துலக்கி, டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றிவிட்டு டிரேயை மாட்டுங்கள். வெளிப்பக்கத்தை விரலால் மெதுவாக ஒருமுறை அழுத்தினால் போதும். திரும்பத் திரும்ப அழுத்தினால் ஜெல் மொத்தமும் ஈறுக்கு ஏறிவிடும். பிதுங்கியதைக் காதுக் குச்சியால் துடைத்துவிடுங்கள். வாயில் ஊறுவதை விழுங்காமல் துப்புங்கள். முதல் சில நாள் தூங்குவதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்டால் இரவு முழுக்க வைக்கலாம்.

காலையில் ஈறு ஓரத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஜெல் சுட்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே சரியாகும், அதுவரை டிரேக்கு லீவு. டிரே விளிம்பு குத்துகிறது என்றால் டாக்டரிடமே கொடுத்து வெட்டி வாங்குங்கள். அப்புறம், டிரேயைச் சுடுதண்ணீரில் கழுவாதீர்கள், நெளிந்துவிடும்.

படி 4: கூச்சம்

பெராக்சைடு, பல்லின் வெளி ஓடான எனாமலைத் தாண்டிச் சில நிமிடங்களில் நரம்பு இருக்கும் இடம்வரை போய்விடுகிறது. அதனால்தான் சும்மா இருக்கும்போதே திடீரென்று சுளீர் என்கிறது. பல் கரைகிறதோ என்று பயப்பட வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைத்தாலே பாதி அடங்கும். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் உள்ள பேஸ்டை, ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே உபயோகியுங்கள். கூச்சம் வந்தால் அதையே டிரேயில் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். இதற்கு நுரைக்காத பேஸ்ட்தான் நல்லது. நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் ஈறை எரிக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிப்பது மட்டும் கூடாது. நிறுத்திய பிறகும் பல நாள் நீடித்தாலோ, ஒரு பல் மட்டும் விண்விண் என்று தெறித்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

படி 5: நிறுத்துவது

சாதாரண மஞ்சளுக்கு இரண்டு முதல் ஆறு வாரம். டிரே எடுத்த உடனே பல் வறண்டு கூடுதல் வெள்ளையாகத் தெரியும்; அதை நம்பி நிறத்தைக் கணக்குப் பண்ணாதீர்கள். முடித்து இரண்டு வாரத்தில் நிறம் சற்று இறங்கித்தான் நிற்கும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

எலுமிச்சை, சோடா உப்பு போதாதா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 அல்லது 3 இருக்கும், 5.5க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். போன எனாமல் வளராது, அடியில் இருக்கும் டென்டினோ மஞ்சள். வெளுக்கப் போய் இன்னும் மஞ்சளாவதுதான் மிச்சம்.

தருமபுரி வாசகர் ஒருவர் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் இருப்பதாக எழுதியிருந்தார். அந்தப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், சிறு வயதில் குடித்தது பல்லில் தங்கிவிடுகிறது. ஒயிட்டனிங் ஆரம்பித்ததும் அந்த வெள்ளைத் திட்டு முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியலாம். இதற்கு ஜெல்லோடு வேறு சிகிச்சையும் சேர்க்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேட்காமல் டிரே வாங்காதீர்கள்.

மிச்சமிருக்கும் ஜெல் சிரிஞ்சை ஃபிரிட்ஜில், குழந்தைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.