சுருள்பாசி: 100 கிராம் கணக்கும் ஒரு டீஸ்பூன் உண்மையும்

ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் எண்கள் இருக்கும். 100 கிராம் உலர்ந்த பொடியில் புரதம் சுமார் 57 கிராம், இரும்பு 28 மி.கி., தாமிரம் 6 மி.கி. துவரம்பருப்பின் புரதமே 22 கிராம்தான். எண்களில் தவறில்லை. ஆனால் நாம் சாப்பிடுவது நாளுக்கு 1 முதல் 3 கிராம். தலைதட்டி அளந்த ஒரு டீஸ்பூன் பொடி ஏறத்தாழ இரண்டரை கிராம் இருக்கும். 100 கிராமுக்கு எழுதிய கணக்கை அந்த ஒரு டீஸ்பூனிடம் எதிர்பார்ப்பதிலிருந்துதான் சுருள்பாசி பற்றிய பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

புரதத்துக்காக வாங்குவது

3 கிராம் பொடியில் கிடைக்கும் புரதம் 1.7 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு கைப்பிடி (30 கிராம்) பொட்டுக்கடலையிலும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளுக்கு 54 கிராம் புரதம் வேண்டும். அதைச் சுருள்பாசியிலேயே எடுக்க நினைத்தால் தினமும் 95 கிராம் விழுங்க வேண்டியிருக்கும். மேலும் மெத்தியோனின், சிஸ்டீன் போன்ற அமினோ அமிலங்கள் இதில் முட்டை, பாலைவிடக் குறைவு. புரதம் போதவில்லை என்றால் அந்தப் பணத்துக்குப் பருப்பும் கடலையும் முட்டையும் வாங்குவதே சரி.

சில டப்பாக்களில் ‘செல்சுவர் உடைக்கப்பட்டது’ என்று அச்சிட்டுக் கூடுதல் விலை கேட்பார்கள். அந்த வேலை குளோரெல்லா என்னும் வேறொரு பாசிக்குத் தேவை, ஏனென்றால் அதன் சுவர் கடினமானது. சுருள்பாசிக்குச் செல்லுலோஸ் சுவர் கிடையாது, வயிற்றில் எளிதாகவே செரிக்கும்.

இரும்பு மாத்திரையை நிறுத்துவது

இருக்கும் தவறுகளிலேயே ஆபத்தானது இதுதான். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதே இரும்பைச் சுருள்பாசியிலிருந்து எடுக்க 210 கிராம் பொடி வேண்டும். 3 கிராமில் கிடைப்பது 0.9 மி.கி. கூட இல்லை, ஆனால் வயதுவந்த பெண்ணின் ஒரு நாள் தேவை 29 மி.கி. ‘ஒன்று போதும்’ என்று விற்கும் 500 மி.கி. கேப்சூலில் இருப்பது 0.14 மி.கி. மட்டுமே.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்று பலர் அதை ஒதுக்கிவிட்டு ‘இயற்கை இரும்பு’ என்று சுருள்பாசிக்கு மாறுகிறார்கள். மலம் கறுப்பது இரும்பினால்தான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. குமட்டல் இருந்தால் மாத்திரையை இரவு உணவுக்குப் பிறகு எடுக்கலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபின் 9 இருக்கும்போது மூன்று மாதம் பச்சைப் பொடியை நம்பிக் காத்திருந்தால் இழப்பு தாய்க்கும் பிள்ளைக்கும்தான்.

ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் இரும்பின் அளவு பெரிதும் மாறலாம். பாசி வளரும் தொட்டியில் எவ்வளவு இரும்பு உப்பு சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. எனவே இணையத்தில் பார்த்த எண்ணை விட்டுவிட்டுக் கையிலுள்ள டப்பாவின் எண்ணை 100ஆல் வகுத்து, சாப்பிடும் கிராமால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பி12 இருக்கிறது என்று நம்புவது

பால்கூடத் தொடாத சைவ உணவுக்காரர்களிடம் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. லேபிளில் பி12 எண்ணும் பெரிதாகவே இருக்கும். பழைய சோதனை முறையில் ஒரு வகை பாக்டீரியா எவ்வளவு வளர்கிறது என்று பார்த்து பி12ஐ அளந்தார்கள். அந்த பாக்டீரியாவுக்கு உண்மையான பி12உம் அதைப்போலவே அமைந்த போலி பி12உம் ஒன்றுதான். மனித உடல் போலியைப் பயன்படுத்திக்கொள்ளாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி இந்தப் போலி வகைதான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள். பி12 குறைந்தால் முதலில் கால்விரல்களில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, மறதி என்று வரும். நீண்ட நாள் விட்டால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். பால், தயிர், முட்டை சேர்ப்பவர்களுக்கு அவற்றிலிருந்து கிடைக்கும், எதுவும் சேர்க்காதவர்களுக்கு மாத்திரையே வழி.

மீனெண்ணெய்க்கு மாற்றாக நினைப்பதும் இதே வகைத் தவறு. சுருள்பாசியில் இருப்பது காமா லினோலெனிக் அமிலம், அது ஒமேகா 6 வகை. மீனெண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பான டி.எச்.ஏ. வேண்டுமானால் அதற்கென்று வேறு நுண்பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் தனியாக விற்கிறது.

அப்படியானால் எதற்கு நல்லது?

சிறு அளவிலேயே வேலை செய்யும் சத்துகளுக்கு. உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் அதில் முதன்மை. நல்ல முறையில் உலர்த்திய பொடியில் கிராமுக்கு 1 மி.கி. அல்லது அதற்கு மேலும் இருக்கும். சென்னையின் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி தலைமையில் நடந்த பணிகளில் முக்கியமானது கிராமத்துச் சிறு குழந்தைகளுக்குத் தினமும் 1 கிராம் கொடுத்துப் பார்த்தது. வைட்டமின் ஏ குறைவால் விழிவெண்மையில் தோன்றும் பிட்டாட் புள்ளிகள் அந்தக் குழந்தைகளிடம் வெகுவாகக் குறைந்தன. ஒரு கிராம் பொடியின் புரதம் எந்தக் குழந்தையையும் தேற்றாது, அதிலிருக்கும் கரோட்டின் கண்ணைக் காக்கும். சுருள்பாசியை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நீல நிறமியான பைக்கோசயனின் இன்னொன்று. நாளுக்கு 1 முதல் 8 கிராம் வரை இரண்டு மூன்று மாதம் கொடுத்த ஆய்வுகளில் கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் ஓரளவு இறங்கியிருக்கின்றன, இரத்த அழுத்தம் சற்றுக் குறைந்திருக்கிறது, ஒவ்வாமைத் தும்மலும் மூக்கொழுகலும் தணிந்திருக்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள் இவை. மருத்துவர் தந்த மருந்தோடு கூடுதலாக எடுக்கலாம், மருந்தை விட்டுவிடும் அளவுக்கு இவற்றில் பலமில்லை. ‘உடலின் நச்சு முழுவதையும் வெளியேற்றும்’, ‘புற்றுநோய் கரையும்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எந்தப் பாசி என்று பார்க்காமல் வாங்குவது

ராமநாதபுரம் பக்கமும் இலங்கையிலும் கடல்பாசி என்றால் நோன்புக் காலத்தில் பால் சேர்த்துக் காய்ச்சி உறையவைக்கும் அகர் அகர்தான். மண்டபம் கடலோரத்தின் கஞ்சிப்பாசியும் கடலில் வளர்வது. இவற்றின் பலம் நார்ச்சத்தும் உறையும் தன்மையும், அகரில் புரதம் ஏறக்குறைய இல்லை. சுருள்பாசியோ சோடா உப்பு கலந்த காரநீரில் வளரும் நுண்ணுயிர். கடல் பாசிகளைப்போல இதில் அயோடினும் சொல்லும்படி இல்லை, ஆகவே தைராய்டுக்கு அயோடின் வேண்டும் என்று இதை வாங்குவதில் பொருளில்லை.

‘நீலப்பச்சைப் பாசி’ என்று மட்டும் அச்சிட்ட கேப்சூல்களில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிளாமத் ஏரியிலிருந்து அள்ளப்படும் அஃபனிசோமினான் என்ற பாசியும் இதே பெயரில் விற்கிறது. திறந்த ஏரியில் அதனுடன் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் இன்னொரு பாசியும் கலந்து வளரும். அது சுரக்கும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. ஓரிகன் அரசு 1997இல் கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று இதற்கு வரம்பு வைத்தது. சுருள்பாசித் தொட்டியில் நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9.5க்கு மேல் இருப்பதால் மற்ற உயிர்கள் எளிதில் புகுவதில்லை. கவனிப்பில்லாமல் பி.எச். 9க்குக் கீழே போனால் அந்தக் காவல் போய்விடும். மொட்டைமாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் தவறுவதும் இங்கேதான். குளத்து நீரை ஊற்றுகிறார்கள், வயலுக்கான உரத்தைப் போடுகிறார்கள். உரத்தின் ஈயமும் காட்மியமும் பாசியில் சேர்ந்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூர் போன்ற வெயிலும் வறண்ட காற்றும் உள்ள இடங்களில் பெரும் பண்ணைகள் இருக்கின்றன, எனவே உள்ளூரிலேயே நல்ல சரக்கு கிடைக்கும். வாங்கும்போது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தத் தொகுதி எண்ணுக்கான ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம், மைக்ரோசிஸ்டின், கிருமி எண்ணிக்கை ஆறும் அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

நிறத்தையும் கவனிக்கலாம். நல்ல பொடி கரும்பச்சையில் நீலம் கலந்து தெரியும். மங்கிய பச்சையோ பழுப்போ தெரிந்தால் அதிகச் சூட்டில் உலர்த்தியது அல்லது பழையது. ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குவளை நீரில் தூவி சில மணி நேரம் அசையாமல் விட்டால் நீலச்சாயம் இறங்க வேண்டும். இது பைக்கோசயனின் கெடவில்லை என்பதை மட்டுமே காட்டும், நஞ்சு இல்லை என்பதற்கு ஆய்வக அறிக்கைதான் சான்று.

கொதிக்கும் பாத்திரத்தில் போடுவது

60 டிகிரிக்கு மேல் போனால் பைக்கோசயனின் சிதையத் தொடங்கும். கொதிக்கும் சாம்பாரிலோ தோசை மாவிலோ சேர்த்தால் புரதமும் இரும்பும் இருக்கும், நீலம் போய்விடும். ஆறிய உணவில் கலப்பதே நல்லது. கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும், இரும்பு சேர வைட்டமின் சி வேண்டும். இரண்டும் சேர்ந்த நம் வீட்டு வழி, தேங்காய்ச் சட்னியில் அரை டீஸ்பூன் பொடியைக் கலந்து எலுமிச்சை பிழிந்துகொள்வது. மல்லித்தழைச் சட்னியென்றால் நிறமும் வாடையும் தெரியாது. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக் கரையின் கனெம்பு மக்களும் ஏரியில் அள்ளிக் காயவைத்த பாசியைக் குழம்பில் சேர்த்துச் சிறுதானியக் களியுடன்தான் உண்கிறார்கள். டீ, காபியோடு மட்டும் வேண்டாம், அவற்றிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

முதல் வாரம் 1 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை இரண்டு. வயிறு ஏற்றால் மெல்ல 3 கிராம் வரை போகலாம். எடுத்த எடுப்பில் ஒரு மேசைக்கரண்டி (7 கிராம்) சாப்பிட்டால் பலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். மலம் பச்சையாவது பச்சையத்தால், அதில் கவலையில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி நீடித்தால் ‘நச்சு வெளியேறுகிறது’ என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது, நிறுத்த வேண்டும். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிறைப்பு என்றால் உடனே மருத்துவமனை.

டப்பாவை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தால் சூடும் ஆவியும், சன்னலோரம் வைத்தால் வெளிச்சமும் கெடுக்கும். ஈரக்கரண்டி பட்டால் கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கும். 100 கிராம் பொட்டலமாக வாங்கி, வெளிச்சம் புகாத டப்பாவில் இறுக மூடி, இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள்.

யாருக்கு வேண்டாம்

லூபஸ், முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இது நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டி நோயைக் கிளப்பிவிடலாம். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் அதே காரணம்தான். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் சிதைக்க முடியாத பிறவிக் கோளாறான ஃபீனைல்கீட்டோனூரியா உள்ள குழந்தைகளுக்கும் இது ஆகாது, ஏனென்றால் அந்த அமிலம் இதில் இருக்கிறது. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களுக்கும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் நியூக்ளிக் அமிலம் இதில் சாதாரண உணவுகளைவிட அதிகம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மருந்துச் சீட்டோடு இந்த டப்பாவையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.